அச்சாரமாகப் போன தைவான்: 1971 முதல் 1982 வரை ஒரு பேரத்தின் கணக்கு

1978 டிசம்பர் 16. தைபேயில் அதிகாலை இரண்டு மணி தாண்டியிருந்தது. அதிபர் சியாங் சிங்-குவோவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். அமெரிக்கத் தூதர் லியோனார்டு உங்கர் வந்து காத்திருந்தார். இன்னும் சில மணி நேரத்தில் அதிபர் கார்ட்டர் தொலைக்காட்சியில் பேசப்போகிறார், ஜனவரி 1 முதல் பெய்ஜிங்கைச் சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசாக அமெரிக்கா ஏற்கிறது, தைபேயுடனான உறவு முறிகிறது, பாதுகாப்பு ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. அந்தத் தூதருக்கே அதற்குச் சற்று முன்புதான் தகவல் வந்திருந்தது. ஒரு வாரத்தில், டிசம்பர் 23 அன்று நடக்கவிருந்த தேர்தலை சியாங் தள்ளிவைத்தார்.

இந்த முடிவு அந்த இரவில் எடுக்கப்பட்டதல்ல. விலை பேசப்பட்டது ஏழரை ஆண்டுகளுக்கு முன்பு, 1971 ஜூலையில். அந்தப் பேரத்தில் தைவானின் பாதுகாப்பு எப்படித் துண்டு துண்டாகக் கைமாறியது, பதிலுக்கு அமெரிக்காவுக்கு என்ன வந்தது, எந்தக் கட்டத்தில் கணக்கு தவறியது என்பதை வரிசையாகப் பார்ப்போம். சீனாவுடன் உறவு கொண்டதே தவறு என்பது எங்கள் கருத்தல்ல. கொடுக்க வேண்டியதையெல்லாம் முதல் நாளே அச்சாரமாக எடுத்துவைத்ததுதான் தவறு.

கையில் இருந்தது

அமெரிக்காவும் சீனக் குடியரசும், அதாவது தைவானை ஆண்ட சியாங் காய்-ஷேக்கின் அரசும், 1954 டிசம்பர் 2 அன்று வாஷிங்டனில் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1955 மார்ச் 3 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மொத்தம் பத்தே ஷரத்துகள். அவற்றில் நான்கைக் கவனமாகப் படித்தால் பின்னால் நடந்ததெல்லாம் புரியும்.

ஐந்தாவது ஷரத்து: மேற்குப் பசிபிக்கில் ஒருவரின் நிலப்பரப்பின் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் அதைத் தன் பாதுகாப்புக்கும் ஆபத்தாகக் கருதி, தன் அரசியல் சட்ட நடைமுறைப்படி மற்றவர் செயல்படுவார். ஆறாவது: அந்த நிலப்பரப்பு என்பது தைவானும் பெஸ்கடோர்ஸ் தீவுகளும். சீனக் கரையை ஒட்டிய குமோய், மாட்சு தீவுகள் இதில் இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் வேறு இடங்களுக்கு நீளும். ஏழாவது: அமெரிக்கப் படைகளை அங்கே நிறுத்தும் உரிமை. பத்தாவது: ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு கிடையாது, ஆனால் யார் வேண்டுமானாலும் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். 1978இல் கார்ட்டர் வெளியேறியது இந்தப் பத்தாவது ஷரத்தின் கதவு வழியாகத்தான்.

ஒப்பந்தம் ஏட்டோடு நிற்கவில்லை. 1950 ஜூன் முதல் அமெரிக்காவின் ஏழாவது கடற்படையின் கப்பல்கள் தைவானுக்கும் சீனாவுக்கும் இடையிலான நீரிணையில் ரோந்து வந்தன. 1958 முதல் தைவான் மண்ணில் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. தைசுங் அருகே சிங் சுவான் காங் விமானதளத்திலிருந்து வியட்நாம் போருக்கு சி-130 சரக்கு விமானங்கள் பறந்தன. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9,000 அமெரிக்கப் படையினர் அங்கே இருந்தார்கள். ஒரு நட்பு நாட்டைக் காப்பதாகச் சொல்வதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. பேரத்தில் முதலில் கரைந்ததும் இந்தச் சாட்சிதான்.

யாருக்கு அவசரம்

1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் சென்பாவோ தீவில் சோவியத் படையும் சீனப் படையும் சுட்டுக்கொண்டன. அந்த ஆண்டு முழுக்க எல்லையில் சோவியத் படைப்பிரிவுகள் குவிந்தன. சீனாவின் அணு நிலையங்களை மாஸ்கோ தாக்கக்கூடும் என்ற பேச்சு பெய்ஜிங்கை உலுக்கியது. கலாசாரப் புரட்சியில் நாடு சிதறிக் கிடந்த நேரம் அது. அதே ஆண்டில் வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். அதிபர் நிக்சனுக்கு மூன்று வேண்டியிருந்தன: வட வியட்நாமின் ஹனோயை மேசைக்கு இழுக்க பெய்ஜிங்கின் கை, மாஸ்கோவை வழிக்குக் கொண்டுவர ஒரு பிடி, 1972 தேர்தலுக்கு முன் ஒரு பெரிய வெற்றி.

இரு பக்கமும் அவசரம் இருந்தது. வீட்டு வாசலில் எதிரி நின்ற சீனாவுக்குத்தான் அது அதிகம். ஆனால் விலை பேசிய விதத்தைப் பார்த்தால் அவசரம் முழுக்க வாஷிங்டனுக்கே என்று தோன்றும். மூன்றாவது தேவை, தேர்தல் நாள்காட்டி, நிக்சனின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. தேதி குறித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவனுக்கு விலை குறையாது.

முதல் தவணை பேச்சு தொடங்கும் முன்பே போய்விட்டது. 1969 நவம்பரில் நீரிணையின் நிரந்தர ரோந்து, அவ்வப்போது கடந்துபோகும் ரோந்தாகச் சுருக்கப்பட்டது. அந்தச் சேதி பாகிஸ்தான் வழியாக பெய்ஜிங்கின் காதுக்குப் போனது. தைபே ஆட்சேபித்தும் பயனில்லை.

1971 ஜூலை 9: முதல் அமர்வு

நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கர் இஸ்லாமாபாத்தில் வயிற்றுக்கோளாறு என்று சொல்லி, மலைவாசத்தலமான நத்தியா கலியில் ஓய்வெடுப்பதாகப் பத்திரிகையாளர்களை நம்பவைத்தார். விடியற்காலையில் பாகிஸ்தான் ஏர்லைன்ஸின் போயிங் 707இல் பெய்ஜிங் போனார். பாகிஸ்தான் அதிபர் யஹ்யா கானின் ஏற்பாடு. கிஸ்ஸிங்கர் அங்கே இருந்தது இரண்டு நாள். வெளியுறவு அமைச்சகத்தின் ஆசிய நிபுணர்கள் யாரும் கூட இல்லை. இந்த ரகசியத்துக்குக் கொடுத்த விலை பின்னால் சீன நகரமான ஹாங்சோவில் தெரியும்.

சீனப் பிரதமர் சூ என்லாயுடனான முதல் அமர்விலேயே தைவான் மேசைக்கு வந்தது. அங்கே கிஸ்ஸிங்கர் சொன்னவை: தைவானில் உள்ள அமெரிக்கப் படையில் மூன்றில் இரண்டு பங்கு வியட்நாம் போருக்காக வைத்திருப்பது, போர் முடிந்ததும் அதை எடுத்துக்கொள்வோம், மீதி ஒரு பங்கை உறவு மேம்பட மேம்படக் குறைப்போம், இரண்டு சீனாக்கள் என்பதையோ, ஒரு சீனா ஒரு தைவான் என்பதையோ அமெரிக்கா முன்வைக்காது, தைவான் சுதந்திர இயக்கத்தை ஆதரிக்காது.

சூ என்லாய் முறைப்படி தன் நிபந்தனைகளை அடுக்கத் தொடங்கும்போதே அவற்றில் பெரும்பகுதிக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதிலுக்கு அவரிடமிருந்து வந்தது என்ன? நிக்சனுக்கு ஓர் அழைப்பு. வியட்நாம் விஷயத்தில் எந்த உறுதியும் இல்லை. ஹனோய்க்கான ஆதரவு தொடரும் என்பதே நிலை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சீனாவிலிருந்து வட வியட்நாமுக்குப் போன ராணுவ உதவி கூடியதே தவிரக் குறையவில்லை. தைவான் மீது பலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்ற வாக்குறுதியை, படைவிலக்கலுக்கு ஈடாக, அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. கேட்டு மறுக்கப்பட்டிருந்தாலும் படைவிலக்கலின் வேகத்தை அந்த மறுப்போடு கட்டியிருக்கலாம். அந்தக் கயிறு அன்றைக்கே கைநழுவியது.

தைவான் பற்றி முதல் அமர்வில் சொற்பமாகத்தான் பேசினோம் என்று கிஸ்ஸிங்கர் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அமர்வின் எழுத்துப் பதிவு பின்னாளில் ரகசிய நீக்கம் பெற்று வெளிவந்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது.

ஜூலை 15 இரவு நிக்சன் தொலைக்காட்சியில் பயணத்தை அறிவித்தார். வாஷிங்டனில் இருந்த தைவான் தூதர் ஜேம்ஸ் ஷென்னுக்குத் தகவல் போனது ஒளிபரப்புக்குச் சற்று முன்பு. ஜப்பான் பிரதமர் சாத்தோவுக்கும் அதே கதி. ஜப்பான் கற்ற பாடம் உடனடியாகச் செயலில் தெரிந்தது: 1972 செப்டம்பரில், அமெரிக்காவுக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேல் முந்திக்கொண்டு, அது பெய்ஜிங்கை அங்கீகரித்து தைபேயைக் கைவிட்டது.

ஐ.நா.வில் போன இடம்

1971 அக்டோபர் 25. சீனாவின் இடம் யாருக்கு என்று பொதுச்சபையில் வாக்கெடுப்பு. இரண்டு அரசுகளுக்கும் இடம் தரும் திட்டத்தை அமெரிக்கா முன்வைத்தது. தூதர் ஜார்ஜ் புஷ் ஆதரவு திரட்டி அலைந்தார். தைபேயை வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற தீர்மானம்தான் அரண். அது 55க்கு 59 என்று தோற்றது, 15 நாடுகள் ஒதுங்கின. நான்கு வாக்கு வித்தியாசம். அதன்பின் தீர்மானம் 2758 ஆதரவு 76, எதிர்ப்பு 35, நடுநிலை 17 என்று நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. தைபேயின் குழு இறுதி வாக்கெடுப்புக்கு முன்பே சபையை விட்டு வெளியேறியது.

அந்த வாரம் முழுக்க கிஸ்ஸிங்கர் இரண்டாவது முறையாக பெய்ஜிங்கில் இருந்தார். நிக்சனின் ஆலோசகரே அங்கே விருந்தாளியாக இருக்கும்போது, தைபேக்காக வாக்குக் கேட்ட புஷ்ஷின் பேச்சை எந்தச் சிறிய நாடு நம்பும்? பயணத் தேதியை இரண்டு வாரம் தள்ளியிருந்தால் அந்த நான்கு வாக்கு திரும்பியிருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தள்ளுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இங்கே இந்திய வாசகருக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1971 டிசம்பர் 10 அன்று, வங்கதேசப் போர் நடக்கும்போது, கிஸ்ஸிங்கர் நியூயார்க்கில் சீனத் தூதர் ஹுவாங் ஹுவாவைச் சந்தித்தார். துணைக்கண்ட நிலவரத்தால் தன் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கருதி சீனா நடவடிக்கை எடுத்தால், அதில் குறுக்கிடும் மற்றவர்களை அமெரிக்கா எதிர்க்கும் என்று கோடிட்டுக் காட்டினார். சோவியத் படைநிலை பற்றிய உளவுத் தகவலையும் தர முன்வந்தார். சீனா ஒரு படையைக்கூட நகர்த்தவில்லை. புதிய நண்பனின் ஆதரவு ஐ.நா. மேடையோடு நின்றது.

ஹாங்சோவில் ஒரு இரவு

1972 பிப்ரவரியில் நிக்சன் சீனாவில் இருந்தார். கூட்டறிக்கையின் வரைவை கிஸ்ஸிங்கரும் சீனத் துணை வெளியுறவு அமைச்சர் சியாவோ குவான்ஹுவாவும் முடித்துவிட்டார்கள். ஹாங்சோ போன பிறகுதான் வெளியுறவு அமைச்சர் ராஜர்ஸும் உதவி அமைச்சர் மார்ஷல் கிரீனும் வரைவை முழுதாகப் பார்த்தார்கள். கிரீனுக்கு உடனே ஒன்று உறுத்தியது. ஆசியாவின் மற்ற நட்பு நாடுகளோடு உள்ள ஒப்பந்தக் கடமைகள் அதில் இருந்தன. தைவான் ஒப்பந்தம் மட்டும் இல்லை.

இதன் அபாயம் கிரீனுக்கு நன்றாகத் தெரியும். 1950 ஜனவரியில் அன்றைய வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் அமெரிக்கப் பாதுகாப்பு எல்லையை விவரித்தபோது தென் கொரியாவைச் சேர்க்கவில்லை. ஜூனில் போர் மூண்டது. பட்டியலில் ஒரு பெயர் விடுபடுவதே எதிரிக்கு ஒரு செய்தி. நிக்சன் கொதித்தார், ஆனால் ஆட்சேபம் சரியானது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் குழு ஏற்கெனவே ஒப்புதல் தந்திருந்த வரைவை இரவோடு இரவாக மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று. கிடைத்த தீர்வு விசித்திரமானது: தைவான் ஒப்பந்தத்தைச் சேர்க்கவில்லை, மற்ற ஒப்பந்தங்களின் குறிப்பை எடுத்துவிட்டார்கள். தைவான் கடமை நீடிக்கிறது என்பதை ஷாங்காய் செய்தியாளர் சந்திப்பில் கிஸ்ஸிங்கர் வாய்மொழியாகச் சொன்னார். ஆசிய நிபுணர்களை ஏழு மாதம் வெளியே வைத்ததன் பலன் இது.

ஷாங்காய் கூட்டறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் முக்கியம். நீரிணையின் இரு பக்கச் சீனர்களும் சீனா ஒன்றே, தைவான் அதன் பகுதி என்கிறார்கள் என்பதை அமெரிக்கா அறிந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை என்பது ஒன்று. தைவானிலிருந்து எல்லாப் படைகளையும் விலக்குவதே இறுதி நோக்கம் என்பது மற்றொன்று. சீனர்களே அமைதியாகத் தீர்த்துக்கொள்வதில் அமெரிக்காவுக்கு அக்கறை உண்டு என்ற வரி நடுவில் இருக்கிறது. அது அமெரிக்கா தன் பக்கத்தில் தானே எழுதிக்கொண்டது. சீனா எதற்கும் கட்டுப்படவில்லை.

வெளியே வராத பகுதி இன்னும் பெரியது. பிப்ரவரி 22 அன்று நிக்சன் சூ என்லாயிடம் ஐந்து கொள்கைகளைச் சொன்னார்: சீனா ஒன்று, தைவான் அதன் பகுதி; தைவான் சுதந்திரத்துக்கு ஆதரவில்லை; அமெரிக்கா விலகும் இடத்தில் ஜப்பான் நுழைவதைத் தடுப்போம்; எந்த அமைதித் தீர்வையும் ஆதரிப்போம்; முழு உறவை நோக்கிப் போவோம். கடைசியதை இரண்டாவது பதவிக்காலத்தில் முடிப்பதாகவும் சொன்னார். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இது தெரியாது. வாட்டர்கேட் ஊழல் நிக்சனை வீழ்த்திய பிறகும் அந்த வாய்வார்த்தை பெய்ஜிங்கின் கணக்குப் புத்தகத்தில் வரவாகவே இருந்தது. அடுத்து வந்த ஒவ்வோர் அமெரிக்கக் குழுவிடமும் சீனர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள்.

கரைவு

1972 இலையுதிர் காலத்தில் தென் வியட்நாமுக்கு அவசரமாக விமானங்கள் தேவைப்பட்டன. தைவான் தன் விமானப்படையிலிருந்து 48 எஃப்-5ஏ விமானங்களைக் கொடுத்தது. அந்த ஓட்டையை அடைக்க அமெரிக்கா தன் எஃப்-4 போர்விமான அணிகளைத் தைவானில் நிறுத்தியது. சில ஆண்டுகளில் அவற்றையும் எடுத்துக்கொண்டது. சரக்கு விமானப் பிரிவு 1973இல் பிலிப்பைன்ஸ் போனது. 1974இல் அணு ஆயுதங்கள் அகற்றப்பட்டன. தைவானைக் காக்கப் படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தந்த 1955ஆம் ஆண்டின் ஃபார்மோசா தீர்மானமும் அதே ஆண்டில் ரத்தானது. 1978 முடிவில் எஞ்சிய படையினர் ஆயிரத்துக்கும் குறைவு. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே அதன் சதை போய்விட்டது.

கைவிடப்படும் நாடு சும்மா இருக்காது என்பது இந்த வகைப் பேரங்களில் எப்போதும் கணக்கில் வராத செலவு. 1964இல் சீனா அணுகுண்டு வெடித்த பிறகு தைவான் ரகசியமாக அணு ஆய்வைத் தொடங்கியிருந்தது. கனடாவிடமிருந்து வாங்கிய 40 மெகாவாட் கனநீர் ஆய்வு உலை 1973இல் இயங்கத் தொடங்கியது. புளுடோனியம் பிரிக்கும் வேலையை 1970களில் அமெரிக்கா அழுத்தம் கொடுத்து நிறுத்தியது. மீண்டும் முளைத்தது. 1988 ஜனவரியில் திட்டத்தின் மூத்த அதிகாரி ஒருவர் ஆவணங்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகே உலை மூடப்பட்டது. பாதுகாப்பை எடுத்த கையே, மாற்றுப் பாதுகாப்பைத் தேடியபோதும் தடுத்தது. அணுப்பரவலைத் தடுத்தது சரியே; ஆனால் அந்தத் தேவை பிறந்ததில் 1971க்கும் பங்குண்டு.

1978 டிசம்பர்: கடைசி நாளின் சிக்கல்

பெய்ஜிங்கின் மூன்று நிபந்தனைகள் மாறவே இல்லை: உறவை முறி, ஒப்பந்தத்தை முடி, படையை எடு. கார்ட்டரின் ஆலோசகர் பிரெஜின்ஸ்கி அவசரப்பட்டார். பெய்ஜிங்கில் அமெரிக்கப் பிரதிநிதி லியோனார்டு உட்காக் பேச்சு நடத்தினார். எதிர்ப்பக்கம் சீனத் தலைவர் டெங் சியாவோபிங். வியட்நாம் மீது படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த டெங்கிற்கும் அவசரம்தான். சோவியத்துக்கு முன்னால் தன் பின்னே வாஷிங்டன் நிற்பதுபோலத் தெரிய வேண்டும்.

ஒப்பந்தத்தைப் பற்றி எந்த மாற்றம் செய்வதென்றாலும் முன்கூட்டி ஆலோசிக்க வேண்டும் என்று செனட் அந்த ஆண்டுதான் 94க்கு 0 என வாக்களித்திருந்தது. கார்ட்டர் ஆலோசிக்கவில்லை.

இந்த முறை அமெரிக்கா முழுக்க விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒப்பந்தம் உடனே செல்லாததாகாமல் பத்தாவது ஷரத்தின்படி ஓராண்டு முன்னறிவிப்போடு முடியும் என்பதில் உறுதியாக நின்றது. ஆயுத விற்பனையில்தான் குழப்பம். 1979இல் புதிய விற்பனை இல்லை என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அதை நிரந்தர நிறுத்தம் என்று சீனா புரிந்துகொண்டது. அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்புதான் இது வெளிப்பட்டது. உட்காக் மீண்டும் டெங்கிடம் போனார். டெங் கடும் கோபத்தில் நீண்ட நேரம் ஆட்சேபித்தார். கடைசியில் விஷயத்தைத் தள்ளிவைத்துவிட்டு மேலே போகலாம் என்று சம்மதித்தார்.

அந்தச் சம்மதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. சீனாவுக்கு இந்த உறவு எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தன் ஆதார நிபந்தனைக்கு எதிரான ஒன்றை விழுங்கிக்கொண்டும் டெங் கையெழுத்துக்கு வந்தார். அப்படியானால் 1971லும் 1972லும் இன்னும் கேட்டிருக்க இடம் இருந்தது.

சொல்லாட்சியிலும் ஒரு நழுவல். 1972இன் சீனப் பிரதியில் அமெரிக்கா 'அறிந்திருக்கிறது' என்ற பொருளில் 'ரென்ஷிதாவ்' என்ற சொல் இருந்தது. 1979இன் சீனப் பிரதியில் அந்த இடத்தில் 'செங்ரென்' வந்தது. அது ஒப்புக்கொள்வது, அங்கீகரிப்பது வரை போகும் சொல். ஆங்கிலச் சொல் இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலப் பிரதியே தங்களுக்குச் செல்லும் என்று அமெரிக்கா சொல்ல, தன் பிரதியைச் சீனா இன்றுவரை காட்டுகிறது.

பின்னால் போட்ட தையல்

கார்ட்டர் அரசு 1979 ஜனவரியில் அனுப்பிய மசோதா வணிக, பண்பாட்டு உறவைத் தொடர வழி செய்ததே தவிர, பாதுகாப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. நாடாளுமன்றம் அதை மாற்றி எழுதியது. பிரதிநிதிகள் அவையில் 339க்கு 50, செனட்டில் 85க்கு 4 என வாக்குகளோடு அது நிறைவேறியது. ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான தைவான் உறவுச் சட்டம், ஜனவரி 1 முதல் அமலானதாகக் கொள்ளப்பட்டது. அமைதியற்ற வழியில் தைவானின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எந்த முயற்சியும், பொருளாதார முற்றுகை உட்பட, அமெரிக்காவுக்குக் கடும் கவலைக்குரியது. தற்காப்பு ஆயுதங்கள் தரப்படும். பலவந்தத்தை எதிர்க்கும் திறனை அமெரிக்கா தக்கவைத்துக்கொள்ளும். பழைய ஐந்தாவது ஷரத்துக்கு இது ஈடல்ல. ஆபத்து வந்தால் என்ன செய்வதென்று அதிபரும் நாடாளுமன்றமும் அப்போது முடிவு செய்வார்கள், அவ்வளவுதான். ஆனால் இது உள்நாட்டுச் சட்டம்; ஓராண்டு முன்னறிவிப்பில் எந்த அதிபரும் இதை ரத்து செய்ய முடியாது.

தூதரகத்தின் இடத்தில் தனியார் நிறுவன வடிவில் ஓர் அமைப்பு வந்தது. வெளியுறவு அதிகாரிகள் பணியிலிருந்து தற்காலிகமாக விலகி அதில் வேலை பார்த்தார்கள். வாஷிங்டனில் தைவான் தூதர்கள் வாழ்ந்த ட்வின் ஓக்ஸ் மாளிகை பெய்ஜிங் கைக்குப் போகாமலிருக்க, அறிவிப்பு வந்த சில நாட்களில் அதை ஒரு நட்பு அமைப்புக்குப் பத்து டாலருக்கு விற்றார்கள். 1982இல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அமெரிக்காவுக்கு வரவே இல்லையா? உண்டு. 1972 மே மாதம் மாஸ்கோ ஆயுதக் கட்டுப்பாட்டு உடன்பாட்டுக்கு வந்ததில் பெய்ஜிங் பயணத்தின் நிழல் இருந்தது. சோவியத் படையின் பெரும் பகுதி ஆசிய எல்லையில் கட்டுண்டு கிடந்தது. 1979இல் ஈரானில் கண்காணிப்பு நிலையங்களை இழந்தபோது, சோவியத் ஏவுகணைச் சோதனைகளைக் கேட்க சிங்கியாங்கின் சிதாய், கோர்லா ஆகிய இடங்களில் நிலையம் அமைக்கச் சீனா இடம் தந்தது. இவை பெரிய வரவுகள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சீனா தன் சொந்தப் பயத்தால் எப்படியும் செய்திருக்கக்கூடியவை. தைவானைக் கொடுத்து வாங்கியவை என்று சொல்ல முடியாது. எந்த விலைக்காகப் பேச்சு தொடங்கியதோ, அந்த வியட்நாம் உதவி வரவே இல்லை.

1982இல் அதே வட்டம் மறுபடியும் சுற்றியது. ஜனவரியில் தைவான் கேட்ட மேம்பட்ட போர்விமானத்தை ரீகன் அரசு மறுத்தது. ஆகஸ்ட் 17 கூட்டறிக்கையில், ஆயுத விற்பனையின் அளவும் தரமும் அண்மை ஆண்டுகளின் மட்டத்தைத் தாண்டாது, படிப்படியாகக் குறையும் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 1971இல் செய்யாத இரண்டை இந்த முறை செய்தார்கள். ஒரு மாதம் முன்பே, ஜூலை 14 அன்று, தைபேக்கு ஆறு உறுதிமொழிகள் போயின. விற்பனை நிறுத்தத்துக்குத் தேதி குறிக்க மாட்டோம், விற்கும் முன் பெய்ஜிங்கைக் கேட்க மாட்டோம், நடுவராக இருக்க மாட்டோம், உறவுச் சட்டத்தைத் திருத்த மாட்டோம், இறையாண்மை குறித்த நிலையை மாற்ற மாட்டோம், பெய்ஜிங்கோடு பேச்சுக்குப் போகச் சொல்லி அழுத்த மாட்டோம். அறிக்கை வந்த நாளிலேயே ரீகன் ஒரு குறிப்பில் கையெழுத்திட்டு உள்ளே வைத்தார்: விற்பனையைக் குறைப்பது, பிரச்சினையை அமைதியாகத் தீர்ப்பதில் சீனா தொடர்ந்து உறுதியாக இருப்பதைப் பொறுத்தது, தைவானின் தற்காப்புத் திறன் சீனாவின் திறனுக்கு ஏற்ப அளவிலும் தரத்திலும் காக்கப்படும். சூ என்லாயின் முன்னால் கட்டாமல் விட்ட கயிறு, பதினோரு ஆண்டு கழித்து ஒரு ரகசியக் காகிதத்தில் கட்டப்பட்டது.

விமானம் கிடைக்காத தைவான் சொந்தமாகப் போர்விமானம் கட்டத் தொடங்கியது. 1989 மே மாதம் அது முதல்முறை பறந்தது. 1992 செப்டம்பரில் 150 எஃப்-16 விமானங்களைத் தைவானுக்கு விற்க ஒப்புதல் தந்த அதிபர், 1971இல் ஐ.நா.வில் நான்கு வாக்கில் தோற்ற அதே ஜார்ஜ் புஷ். ரீகனின் குறிப்பு 2019இல் வெளியிடப்பட்டது.